நகையும் எள்ளலும்: தொலைக்காட்சி, இனவாதம், அன்றாட உரையாடல் பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கியத் திறனாய்வு ஆக்கியோனையும் ஆக்கத்தையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. சுவைப்போனை அது முற்றாகப் புறக்கணித்தது என்று கூறமுடியாது. ஆயினும் சுவைப்போன் என அது கருதியது பெரும்பாலும் தனித்திருந்து நூல் பயிலும் ஒருவனையே. தொலைக்காட்சி இத்தகைய தனிமையை வேண்டி நிற்பதன்று. வீட்டின் முன்கூடத்திலே, பெற்றோரும் மக்களும் சுற்றத்தாரும் கூடியிருக்க, பேச்சுக்கிடையே பார்க்கப்படுவது அது. மறுநாட் காலையில் வேலைத்தலத்திலே தேநீர் அருந்தும் நேரத்திலும், மாலையில் நண்பர் கூடும் இடத்திலும் அது மீண்டும் பேசப்படுகின்றது. கண்டதைச் சொல்வதும், நடித்துக் காட்டுவதும், அதனை முன்வைத்துப் பிறிதொன்றைப் பேசுவதும் தொலைக்காட்சி நுகர்வின் பிரிக்கமுடியாத பகுதிகளாகும்.

இவ்வுண்மை இனவாதம் பற்றிய ஆய்விலே தனி முக்கியத்துவம் பெறுகின்றது. ஒரு நிகழ்ச்சி இனவாதத் தன்மையுடையதா அன்றா என்ற வினாவைப் பலரும் எழுப்பியுள்ளனர். அந்நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு இனவாதத்துக்கு எவ்வாறு துணைபோகின்றது, எவ்வாறு அதனைத் தடுக்கின்றது என்ற வினா அதே அளவுக்கு எழுப்பப்பட்டதில்லை. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 1960கள் தொடக்கம் எழுந்த சில நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, உடன் தொழில் செய்வோர், நண்பர், குடும்பத்தினர் ஆகிய மூவகையினரிடை நிகழும் உரையாடலின் இயல்பினை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறுதியில் எம்மை நோக்கியும் சில வினாக்களை எழுப்பவேண்டியுள்ளது. பிறர் வீட்டு இனவாதத்தை ஆராய்வது எளிது. அந்த எளிமையே ஐயத்துக்குரியது.

2

பிபிசி நிறுவனம் 1965 இல் ஒளிபரப்பிய ஒரு தனி நாடகத்திலிருந்து வளர்ந்தது 'ரில் டெத் அஸ் டூ பார்ட்' என்னும் நகைச்சுவைத் தொடர். 1966 முதல் 1975 வரை இடையீடுகளுடன் அது ஒளிபரப்பாயிற்று. அதனை எழுதியவர் ஜோனி ஸ்பைற். அதன் தலைமைப் பாத்திரமான அல்ஃப் கார்னெற், கிழக்கு இலண்டனைச் சேர்ந்த தொழிலாளி, முடியாட்சிப் பற்றாளன், பழைமைவாதக் கட்சியின் ஆதரவாளன், கறுப்பரையும் ஆசியரையும் யூதரையும் ஓயாது வசைபாடுபவன். அவனது வசைகளை மறுத்துரைக்க ஒரு மருமகன் உண்டு. பெரும்பாலான காட்சிகளில் அல்ஃப் அறியாமை மிக்கவனாகவே வெளிப்படுகின்றான். அப்பாத்திரத்தை ஏற்று நடித்த வாரன் மிச்செல் யூத இனத்தவர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. இனவாதியைக் கேலிக்குள்ளாக்குவதே ஆசிரியரின் நோக்கம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆயின் நோக்கமும் விளைவும் ஒன்றாக அமைந்தனவா? அல்ஃப் கார்னெற்றைக் கண்டு சிரித்தோர் ஒருபுறமிருக்க, அவனோடு சேர்ந்து சிரித்தோரும் பலர் இருந்தனர். தாம் நெஞ்சினுள் நினைத்ததை ஒருவன் துணிந்து சொல்லிவிட்டான் என அவர்கள் மகிழ்ந்தனர். இத்தொடர் நிகழ்ந்த காலத்தை இதனோடு சேர்த்து நோக்கல் வேண்டும். 1968 ஏப்பிரல் 20 ஆந் திகதி ஈனொக் பவல் பேர்மிங்ஹாமிலே குடிவரவுக்கு எதிரான தமது பேச்சினை நிகழ்த்தினார். அதன் காரணமாக அவர் நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டபோது, இலண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றம் நோக்கி ஊர்வலம் சென்றனர். அரங்கிலே அல்ஃப் பேசியதும் தெருவிலே அவர்கள் முழங்கியதும் வேறுவேறு உலகங்களைச் சேர்ந்தனவல்ல.

இதே தொடரின் அமெரிக்க வடிவமே நோர்மன் லியரின் 'ஓல் இன் த பமிலி'. 1971 இல் தொடங்கி 1979 வரை நிகழ்ந்த இது, தொடர்ந்து ஐந்து பருவங்களுக்கு அந்நாட்டில் மிகக் கூடுதலானோர் பார்த்த நிகழ்ச்சியாக விளங்கியது. அதன் நாயகன் ஆர்ச்சி பங்கரைப் பார்வையாளர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை நீல் விட்மார், மில்ரன் ரொக்கீச் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1974 இல் வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்க இளைஞரிடையும் கனடாவின் வயதுவந்தோரிடையும் நிகழ்த்தப்பட்ட அவ்வாய்வு, ஒருவர் ஏற்கெனவே கொண்டிருந்த மனச்சாய்வே ஆர்ச்சியை அவர் காணும் முறையைத் தீர்மானித்தது எனக் காட்டியது. முற்சாய்வு குறைந்தோர் அவனை ஏளனத்துக்குரியவனாகக் கண்டனர். முற்சாய்வு மிக்கோரோ அவன் பேச்சிலே நியாயத்தைக் கண்டனர். அங்கதம் நோயைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடியாக அமைந்தது.

யமேக்காவிலே பிறந்து பிரித்தானியாவிலே பணியாற்றிய ஸ்ருவார்ட் ஹோல், 1973 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பார்வையாளர் ஒரு நிகழ்ச்சியின் பொருளை மூவகையாகக் கொள்ளலாம் என விளக்கினார். ஆக்கியோர் தந்த பொருளை அவ்வாறே ஏற்றல், ஓரளவு ஏற்று ஓரளவு தம் நிலைக்கேற்ப மாற்றல், முற்றாக எதிர்த்து வாசித்தல் என்பன அம்மூன்று. எதிர்த்து வாசித்தலை ஒடுக்கப்பட்டோரின் ஆயுதமாகவே பலரும் போற்றி வந்துள்ளனர். ஆர்ச்சியின் இரசிகர்கள் அதே ஆயுதத்தின் மறுமுனையைக் காட்டுகின்றனர். இனவாதத்தை எதிர்த்து எழுதப்பட்ட ஆக்கத்தையும் இனவாதி எதிர்த்து வாசிக்க இயலும். அவ்வாறு வாசித்ததை உறுதிப்படுத்துவதற்கு அவனுக்கு வேண்டியது ஒரு கூட்டு. அக்கூட்டினை அவன் பெறுமிடம் வேலைத்தலமும் நண்பர் குழாமும் குடும்பமுமேயாகும்.

3

இவ்விடத்து எமது மரபின் ஒரு கருத்தைத் துணைக்கொள்ளுதல் பயனுடையது. நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் தொல்காப்பியர் வகுத்தார். இவற்றுள் எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துவார். ஒருவர் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒரு வகை. பிறரால் இகழப்பட்டவிடத்துத் தாமே சிரிப்பது மற்றொரு வகை. முன்னையதை யாவரும் அறிவர். பின்னையதே ஆழ்ந்து நோக்கற்பாலது.

ஒரு தொழிற்சாலையின் உணவறையை எண்ணிப் பார்ப்போம். ஜோனி ஸ்பைற் 1969 இல் எழுதிய 'கறி அண்ட் சிப்ஸ்' என்னும் தொடர் அத்தகைய தொழிற்சாலை ஒன்றையே களமாகக் கொண்டது. ஸ்பைக் மில்லிகன் என்னும் வெள்ளை நடிகர் முகத்திலே பழுப்பு மை பூசிக்கொண்டு, பாதி ஐரிஷ்காரனும் பாதி பாகிஸ்தானியனுமான ஒரு தொழிலாளியாக அதில் நடித்தார். ஆறு பகுதிகளுடன் அது நின்றுபோயிற்று. அதனைத் தொடர்ந்து 1972 முதல் 1976 வரை நிகழ்ந்த 'லவ் தை நெய்பர்' என்னும் தொடர், அடுத்தடுத்த வீடுகளில் வாழும் வெள்ளைக் குடும்பம் ஒன்றையும் கறுப்புக் குடும்பம் ஒன்றையும் மையமாகக் கொண்டது. இரு கணவன்மாரும் ஒருவரையொருவர் நிறத்தால் வசைபாடுவதே அதன் நகைச்சுவை. வசை இருபுறமிருந்தும் வருவதால் அங்கே சமத்துவம் நிலவுகின்றது எனத் தயாரிப்பாளர் வாதிட இடமிருந்தது.

அரங்கினுள் அது சமமாகத் தோன்றலாம். மறுநாள் உணவறையிலே அது சமமாக இருப்பதில்லை. கறுப்பனைக் குறித்த வசைச்சொல் தெருவிலே கல்லோடும் கத்தியோடும் சேர்ந்து ஒலித்த சொல். வீடு வாடகைக்கு மறுக்கப்பட்டபோது கேட்ட சொல். வெள்ளையனைக் குறித்த வசைக்கு அத்தகைய வரலாறு கிடையாது. நூறு பேர் பணிபுரியும் இடத்தில் ஐவராக உள்ளோர் முன்னிலையில், முதல்நாள் இரவு கேட்ட வசைச்சொல்லை ஒருவன் நடித்துக் காட்டுகின்றான். எல்லோரும் சிரிக்கின்றனர். பின்னர் எல்லோரும் அந்த ஐவரின் முகத்தைப் பார்க்கின்றனர். அந்த ஐவரும் சிரிக்கின்றனர். பேராசிரியர் கூறிய இரண்டாம்வகை எள்ளல் இதுவே. சிரிக்காவிடின் 'பகிடி விளங்காதவர்' என்ற பெயர் வரும். மேற்பார்வையாளனுடன் உறவு கெடும். அடுத்த நாள் ஒரே மேசையில் இருந்து உண்ணுதல் அரிதாகும். ஆகவே அச்சிரிப்பு ஊதியத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. உழைப்போடு சேர்த்து அதனையும் கொடுக்கவேண்டியுள்ளது.

இச்சிரிப்பின் தொழிற்பாடு இத்துடன் நிற்பதில்லை. அது சாட்சியாகவும் பயன்படுகின்றது. 'எங்களோடு வேலை செய்யும் அவனே அந்நிகழ்ச்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான்' என்ற வாக்கியம் அக்காலத்துப் பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்களுக்கு ஆதரவாகத் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்பட்ட வாதமாகும். இகழப்பட்டவனின் சிரிப்பே இகழ்ச்சிக்கு நற்சான்றாக மாறும் விந்தை இங்கு நிகழ்கின்றது. அச்சிரிப்பு மனமுவந்த சிரிப்பா, வாழவேண்டிய தேவையால் வந்த சிரிப்பா என்பதை மேசையில் இருந்தோர் வினவுவதில்லை. திறனாய்வாளன் வினவுதல் வேண்டும்.

4

இனவாதப் பேச்சு தன்னை எவ்வாறு மறைத்துக்கொள்கின்றது என்பதை நுணுகி ஆராய்ந்தவர் ஒல்லாந்து அறிஞர் ரொய்ன் வான் டைக். அம்ஸ்ரடாமிலும் கலிபோர்ணியாவின் சன் டியேகோவிலும் நிகழ்த்திய நேர்காணல்களை ஆதாரமாகக் கொண்டு 1987 இல் அவர் வெளியிட்ட நூல், அன்றாட உரையாடலின் சில உத்திகளைத் துலாம்பரமாகக் காட்டுகின்றது. 'எனக்கு அவர்கள்மீது வெறுப்பு எதுவுமில்லை, ஆனால்...' எனத் தொடங்கும் மறுப்பு அவற்றுள் முதன்மையானது. மறுப்பு முன்னே வருகின்றது. மறுக்கப்பட்டதே பின்னே வருகின்றது. தம் சார்பிலன்றி அயலவர் சார்பிலும் நகரத்து மக்கள் சார்பிலும் பேசுவதாகக் காட்டிக்கொள்வது பிறிதோர் உத்தி. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் கண்டதாகச் சொல்லித் தம் கூற்றுக்கு ஆதாரம் தேடுவது இன்னொன்று.

இவ்வுத்திகளுக்குத் தொலைக்காட்சி மிக வாய்ப்பான துணையாகும். ஒருவர் தம் சொந்தக் கருத்தாக ஒரு வசையைச் சொல்வாராயின் அதற்கு அவர் பொறுப்பாளியாகின்றார். அல்ஃப் கார்னெற் சொன்னதாக அதனையே சொன்னால் பொறுப்பு அல்ஃபைச் சாரும். அல்ஃபோ கற்பனைப் பாத்திரம். கற்பனைப் பாத்திரத்தை ஆக்கியவரோ அங்கத ஆசிரியர். இவ்வாறு சொல் கைமாறிக் கைமாறிச் செல்ல, யாருடையதும் அல்லாத சொல்லாக அது ஆகிவிடுகின்றது. ஆயின் அது தைப்பது மட்டும் குறிப்பிட்ட ஒருவரின் நெஞ்சிலேயே.

மூவகை உரையாடற் களங்களிலும் இத்தொழிற்பாடு வெவ்வேறு வகையில் அமைகின்றது. வேலைத்தலத்திலே படிநிலையும் பிழைப்பும் பேச்சைக் கட்டுப்படுத்துகின்றன. நண்பரிடையே கட்டுப்பாடு நட்பின் பெயரால் வருகின்றது. எதையும் சொல்லலாம் என்பதே அங்கு நட்பின் இலக்கணமாகக் கொள்ளப்படுவதால், மறுத்துரைப்பவன் நட்பின் விதியை மீறியவனாகின்றான். குடும்பத்திலே வயதும் உறவும் குறுக்கிடுகின்றன. மூத்தோர் ஒருவர் தொலைக்காட்சியின் முன்னிருந்து ஓர் இனத்தாரைப் பழிக்கும்போது, இளையோர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பேச்சை மாற்றுவதும் நாம் யாவரும் கண்டவையே. அங்கு மௌனம் மரியாதையாகக் கொள்ளப்படுகின்றது. அருகிலிருந்து கேட்கும் சிறுபிள்ளைக்கோ அது உடன்பாடாகவே விளங்கும்.

குடும்ப உரையாடல் எப்போதும் இனவாதத்துக்கே இடமளிக்கும் என்று கொள்ளுதல் தவறாகும். மேற்கு இலண்டனின் சவுத்ஹோல் பகுதியிலே பஞ்சாபி இளைஞரிடை நெடுங்காலம் பழகி ஆராய்ந்த மரி கிலெஸ்பி, 1995 இல் வெளியிட்ட தமது நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். 'நெய்பர்ஸ்' என்னும் அவுஸ்திரேலியத் தொடர்நாடகத்தைப் பற்றி அவ்விளைஞர் பேசியது பெரும்பாலும் தம் வீட்டைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. அயலாரின் வம்பு, குடும்ப மானம், பெற்றோர் விதிக்கும் கட்டுப்பாடு ஆகியன பற்றி நேரே பேச இயலாதவற்றை, திரையிலே தோன்றிய வெள்ளைக் குடும்பங்களை முன்வைத்து அவர்கள் பேசினர். தொலைக்காட்சியின் சொல் யாருடையதும் அல்லாத சொல்லாக இருப்பது வசைபாடுவோனுக்கு மறைப்பாக உதவியது போலவே, அடக்கப்பட்டோனுக்குப் பேச்சுரிமையாகவும் உதவுகின்றது. ஆகவே கருவியைக் குற்றஞ்சாட்டி அமைதல் போதாது. அதனை யார், எந்த அவையில், எதற்காக எடுத்தாளுகின்றனர் என்பதே வினா.

5

இழிவான சித்திரிப்புகளை நீக்கி உயர்வானவற்றைத் தந்தால் பேச்சும் திருந்திவிடும் என்பது பலரின் நம்பிக்கை. 1984 முதல் 1992 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 'த கொஸ்பி ஷோ' இந்நம்பிக்கைக்கு ஒரு சோதனைக்களமாக அமைந்தது. தந்தை மருத்துவர்; தாய் வழக்கறிஞர்; பிள்ளைகள் நன்கு வளர்க்கப்பட்டோர். கறுப்பின மக்களைப் பற்றிய பழைய வகைமாதிரிகள் எவையும் அங்கில்லை. வெள்ளைப் பார்வையாளர் அக்குடும்பத்தைத் தம் வீட்டிற்குள் விருப்போடு வரவேற்றனர்.

சுற் ஜாலி, ஜஸ்ரின் லூயிஸ் ஆகிய ஆய்வாளர்கள் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே வெள்ளையரும் கறுப்பருமான பார்வையாளர் குழுக்களுடன் இந்நிகழ்ச்சி பற்றி உரையாடி, 1992 இல் தம் முடிபுகளை நூலாக்கினர். கறுப்புப் பார்வையாளர் பலர் அந்நிகழ்ச்சி தந்த பெருமிதத்தை எடுத்துரைத்தனர், அப்பெருமிதம் மதிக்கத்தக்கது. வெள்ளைப் பார்வையாளரின் பேச்சிலோ பிறிதொரு தருக்கம் தொழிற்பட்டது. இக்குடும்பம் முன்னேறிவிட்டது, ஆகவே தடை எதுவும் இப்போது இல்லை, ஆகவே முன்னேறாதோர் தம் குறையாலேயே முன்னேறவில்லை என்பதே அது. திரையில் உள்ளோரை நேசித்துக்கொண்டே தெருவில் உள்ளோரைப் பழிக்க அத்தருக்கம் இடமளித்தது. இதனை அவ்வாய்வாளர் ஒளிபெற்ற இனவாதம் என்னும் கருத்துப்படப் பெயரிட்டனர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? சித்திரிப்பு நன்றோ தீதோ, அதனை நிகழ்கால வாழ்வோடு இணைக்கும் கண்ணி உரையாடலிலேயே உள்ளது. 'அவர்களைப் பார், எவ்வளவு நல்லவர்கள்' என்ற பாராட்டிலேயே 'மற்றையோர் அவ்வாறில்லையே' என்ற பழியும் உறைந்து கிடக்கக்கூடும். உடன் பணிபுரியும் ஒருவரிடம் 'நீங்கள் ஏனைய உங்கள் ஆட்களைப் போலல்ல' என்று கூறப்படும் புகழுரையும் இதன் கிளையே. அதனைக் கேட்டவர் நன்றி கூறுவதா, வருந்துவதா என்று அறியாமல் நிற்பர்.

6

தொலைக்காட்சி பற்றிய அன்றாட உரையாடல் ஒரு நாட்டின் பொது விவகாரமாகவே மாறிய நிகழ்வு 2007 சனவரியில் நேர்ந்தது. பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய 'செலிபிரிற்றி பிக் பிரதர்' நிகழ்ச்சியிலே பங்குபற்றிய இந்திய நடிகை ஷில்பா ஷெட்டி, உடனிருந்தோர் சிலரின் ஏளனத்துக்கு உள்ளானார். அவரது உச்சரிப்பும் அவர் சமைத்த உணவும் பரிகசிக்கப்பட்டன. ஜேட் கூடி என்பவர் அவரது குடும்பப் பெயருக்குப் பதிலாகப் பப்படம் என்னும் சொல்லை வைத்து அழைத்தார். இது குறித்து 44,500க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் எழுந்தன. இந்தியாவிலும் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடைபெற்றன. சனவரி 19 இல் ஜேட் கூடி வாக்களிப்பினால் வெளியேற்றப்பட்டார். ஷில்பா ஷெட்டி அந்நிகழ்ச்சியின் வெற்றியாளரானார். அதே ஆண்டு மே மாதத்தில், ஒலி ஒளிபரப்பினை ஒழுங்குபடுத்தும் ஒஃப்கொம் அமைப்பு, சனல் 4 ஒளிபரப்பு விதிகளை மீறியதாகத் தீர்ப்பளித்து, அத்தீர்ப்பின் சுருக்கத்தை ஒளிபரப்புமாறும் பணித்தது.

இம்முறைப்பாடுகளின் தொகையை இனவாதத்துக்கு எதிரான விழிப்பின் அளவுகோலாகச் சிலர் கொள்வர். அதில் உண்மையுண்டு. முப்பதாண்டுகளுக்கு முன் உணவறையிலே சிரிப்பாகிக் கழிந்திருக்கக்கூடியது இப்போது ஆயிரக்கணக்கானோரின் கண்டனமாயிற்று. ஆயினும் அப்போது நிகழ்ந்த விவாதத்தின் போக்கினையும் கவனித்தல் வேண்டும். இது இனவாதமா, வர்க்க வேறுபாட்டால் விளைந்த பிணக்கா, கலாசார மோதலா என்ற வினாவே மேலோங்கி நின்றது. தொடக்கத்தில் சனல் 4 இறுதி இரண்டையுமே காரணமாகக் கூறியது. ஒரு பெண்ணின் பெயரைச் சிதைப்பதும், அவள் கை பட்ட உணவை அருவருப்பதும், அவள் ஊருக்கே போகட்டும் என்பதும் எவ்வகையைச் சாரும் என்று ஒரு நாடே விவாதித்தது. வகைப்படுத்தலில் ஈடுபட்டோர் பலர் துன்புற்றவளை மறந்தனர்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. ஜேட் கூடி வறிய சூழலில் வளர்ந்தவர். கல்வி குறைந்தவர் என்று பத்திரிகைகளால் ஆண்டுக்கணக்காகப் பரிகசிக்கப்பட்டவர். இனவாதம் முழுவதும் அவர்மீது சுமத்தப்பட்டதும், கற்றோரும் கனவான்களும் தாம் தூயவர் என நிம்மதி கொண்டனர். ஒருவரைப் பழித்துத் தம்மை விடுவித்துக்கொள்ளும் இச்சடங்கு அல்ஃப் கார்னெற்றின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. இனவாதி என்போன் கிழக்கு இலண்டன் தொழிலாளி, கூச்சலிடுவோன், நாகரிகமற்றவன். வேலை விண்ணப்பத்தில் அயற்பெயரைக் கண்டதும் அதனை ஒருபுறம் ஒதுக்கிவைக்கும் அமைதியான அலுவலர் எந்த நகைச்சுவைத் தொடருக்கும் நாயகராவதில்லை.

7

இனி எம்மை நோக்குவோம். 1977 முதல் 1979 வரை இலண்டனில் தயாரிக்கப்பட்ட 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் தொடர் இலங்கை உட்படப் பல நாடுகளுக்கு விற்கப்பட்டது. ஆங்கிலம் கற்கும் மாலை வகுப்பொன்றிலே பல நாட்டாரும் கூடித் தத்தம் உச்சரிப்புப் பிழைகளால் சிரிப்பூட்டுவதே அதன் கரு. சீக்கியர், பாகிஸ்தானியர், சீனர், யப்பானியர், இத்தாலியர் என ஒவ்வொருவரும் ஒரேயொரு குணத்தின் வடிவமாகக் குறுக்கப்பட்டனர். அதில் சீக்கியராக நடித்த அல்பேட் மோசெஸ் எமது நாட்டின் கம்பளையிலே பிறந்தவர். நம் வீடுகளில் அத்தொடர் பெருவிருப்போடு பார்க்கப்பட்டது. ஆங்கிலேயன் எம்மைப் போன்றோரைப் பார்த்துச் சிரிப்பதற்கென ஆக்கியதை, நாமும் அவன் இருக்கையில் அமர்ந்து பார்த்துச் சிரித்தோம். எமது உச்சரிப்பு அவ்வளவு மோசமன்று என்ற நிம்மதியும் அச்சிரிப்பில் கலந்திருந்தது. பேராசிரியரின் இருவகை எள்ளலும் ஒரே சிரிப்பில் ஒன்றுசேர்ந்த இடம் அது.

அத்துடன் அமையவில்லை. ஷில்பா ஷெட்டிக்காகத் தமிழர் பலரும் கொதித்த அதே 2007 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஷங்கர் இயக்கிய 'சிவாஜி' திரைப்படம் வெளிவந்தது. அதில் அங்கவை, சங்கவை என்னும் பெயருடைய இரு பெண்கள் கருமை பூசப்பட்டவர்களாய்த் தோன்றி, அந்நிறத்தின் பொருட்டே பரிகசிக்கப்படுகின்றனர். பாரியின் மகளிருக்குத் தமிழ் மரபு வழங்கும் பெயர்கள் அவை. தந்தையை இழந்த அம்மகளிரை மணஞ்செய்து கொடுக்க வேண்டிக் கபிலர் மன்னரிடம் சென்றதும், மறுத்த இருங்கோவேளை அவர் கடிந்துரைத்ததும் புறநானூற்றால் அறியப்படும். அங்கே மறுத்தவனுக்கே பழி. திரைப்படத்திலோ மறுப்பே நகைச்சுவை. மறுக்கப்பட்ட பெண்களே நகைப்பொருள். மில்லிகனின் முகத்துப் பழுப்பு மைக்கும் இப்பெண்களின் முகத்துக் கரிய மைக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்று நாம் எம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அக்காட்சிகள் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொகுப்புகளாக எமது முன்கூடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தன. நிறங்குறைந்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே குடும்பம் முழுவதும் சிரித்தது. அப்பிள்ளையும் சிரித்தது. பாடசாலையிலே அப்பெயர்களில் ஒன்று அதற்குப் பட்டப்பெயராகக் காத்திருந்தது.

இனவாதத்தால் நெடுங்காலம் துன்புற்ற மக்கட் கூட்டத்தினர் நாம். அத்துன்பம் எம்மை இக்குற்றத்திலிருந்து தானாகவே விடுவித்துவிடாது. நிறம், சாதி, பிரதேசம், பேச்சுவழக்கு ஆகியவற்றை முன்வைத்து எமக்குள்ளே நாம் செய்யும் பரிகாசங்கள் இனவாதம் என்னும் பெயருக்கு உரியனவா என்று வகைப்படுத்தலில் இறங்கினால், 2007 இல் பிரித்தானியர் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம்.

8

இத்தகைய வினாக்கள் நகைச்சுவையையே கொன்றுவிடும் என்பார் உளர். அவ்வாறு அஞ்சவேண்டியதில்லை. 1998 முதல் 2001 வரை பிபிசி தொலைக்காட்சியில் நிகழ்ந்த 'குட்னெஸ் கிரேசியஸ் மீ' பிரித்தானிய ஆசியர் தாமே எழுதி நடித்த தொடர். இந்தியர் குழுவொன்று மது மயக்கத்தில் ஆங்கில உணவுச்சாலை ஒன்றுக்குச் சென்று, பரிசாரகரின் பெயரைச் சிதைத்து, இருப்பதிலேயே காரமற்ற உணவைக் கேட்டு ஆரவாரிக்கும் அதன் புகழ்பெற்ற காட்சி, வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆங்கிலேயர் இந்திய உணவுச்சாலைகளில் நடந்துகொள்ளும் முறையைத் தலைகீழாக்கிக் காட்டியது. அக்காட்சியைப் பார்த்த ஆங்கிலேயன் சிரித்தான். சிரித்தபோதே தன்னைக் கண்டான். எள்ளலின் அம்பு வலியோனை நோக்கித் திரும்பியபோது நகைச்சுவை சாகவில்லை; கூர்மையே பெற்றது. அத்தொடர் தன் ஆசியப் பெற்றோரையும் அவர்தம் பாசாங்குகளையும் விட்டுவைக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் ஆர்ச்சி பங்கர் கற்பித்த பாடத்தை நாம் மறத்தலாகாது. எத்துணைச் சிறந்த ஆக்கமும் தன் பொருளைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. மறுநாட் காலை அதனைப் பற்றி நிகழும் பேச்சிலேயே அதன் பொருள் நிலைபெறுகின்றது. ஆகையால் திறனாய்வு என்பது சஞ்சிகைகளில் எழுதுவோருக்கு மட்டும் உரிய தொழிலன்று. உணவறையிலே ஒருவன் வசையை நடித்துக் காட்டும்போது, 'இதில் சிரிப்புக்குரியது எது? எனக்கு விளங்கச் சொல்' என்று அமைதியாகக் கேட்கும் உடன் தொழிலாளி ஒரு திறனாய்வாளன். விளக்கத் தொடங்கியதும் அப்பகிடியின் எலும்பு வெளியே தெரிந்துவிடும். முன்கூடத்திலே மூத்தவரின் சொல்லுக்கு மறுமொழியாக, மரியாதை குன்றாமல், 'அப்பு, எம்மைப் பற்றியும் இப்படித்தானே சொன்னார்கள்' என்று நினைவூட்டும் பேரப்பிள்ளை ஒரு திறனாய்வாளன். இவ்வினாக்களைக் கேட்பதற்கு ஒரு விலை உண்டு. நட்பிலும் உறவிலும் தொழிலிலும் அவ்விலை செலுத்தப்பட வேண்டியதாகும். எள்ளப்பட்டோர் இதுவரை அவ்விலையைத் தனித்தே செலுத்தி வந்துள்ளனர். ஏனையோரும் அதில் பங்குகொள்ள வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

எவரைப் பார்த்துச் சிரித்தோம், எவர் முன்னிலையில் சிரித்தோம், அவர் ஏன் எம்மோடு சேர்ந்து சிரித்தார் ஆகிய மூன்று வினாக்களையும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் பின்னரும் நாம் எழுப்பிக்கொள்ள வேண்டும். அவற்றுள் இறுதி வினாவுக்கு விடை கூற இயலாதவிடத்து, அச்சிரிப்பினை நிறுத்திக்கொள்வதே தகும்.